மீஞ்சூர், பொன்னேரி பக்கம் மனை வாங்கப் போறீங்களா? 'ரிஜிஸ்டர் ஆகும்' என்ற வார்த்தையை மட்டும் நம்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடும்பமாக ஏறுவார்கள். கையில் ஒரு துணிப்பை, உள்ளே லேஅவுட் வரைபடத்தின் ஜெராக்ஸ். பார்த்தால் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கும். போவது 'சைட்' பார்க்க. இறங்குவது மீஞ்சூரில், இல்லையென்றால் பொன்னேரியில்.

துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ இருபது வருடமாக வாடகை கொடுத்து வரும் குடும்பங்கள். பி.எஃப். பணம், ஏலச்சீட்டு, மகளுக்கென்று எடுத்து வைத்த நகை எல்லாம் சேர்ந்துதான் அந்த அரை கிரவுண்ட். ஒருமுறை தப்பாகிவிட்டால் மறுபடியும் சேர்த்து வாங்க வயசு இருக்காது.

அப்படி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? புரோக்கர் காட்டாத காகிதங்கள் எவை? அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஏன் எல்லோரும் வடக்கே போகிறார்கள்?

மீஞ்சூரும் பொன்னேரியும் அடிப்படையில் நெல் விளையும் ஊர்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேசும் பகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பொன்னேரியில் சுமார் 31 ஆயிரம் பேர், மீஞ்சூரில் சுமார் 28 ஆயிரம் பேர். ராயபுரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் சின்ன ஊர்தான். ஆனால் பொன்னேரி 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்ந்துவிட்டது. வண்டலூரில் தொடங்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை முடிவதே மீஞ்சூரில்தான். மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது.

புகையும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயில் இருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். அந்த மாதிரி ஒரு ராத்திரிக்குப் பிறகு, 'பத்து ஸ்டேஷன் தள்ளிப் போனால் நிம்மதியாக இருக்கலாமே' என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் எவ்வளவு தள்ளி என்பதுதான் கேள்வி. எண்ணூருக்கு அடுத்து வரும் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம்தான் அனல்மின் நிலையங்களும் பெட்ரோலிய சேமிப்புக் கிடங்குகளும் இருக்கின்றன. வல்லூர் நிலையம் மட்டும் 1,500 மெகாவாட். விளம்பரத்தில் 'மீஞ்சூர் அருகில்' என்று போட்டிருக்கும் மனை, நடந்து போய்ப் பார்த்தால் அத்திப்பட்டு பக்கம் இருக்கலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் கருப்புத் தூசி படிகிறதா என்று அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு அக்காவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

'ஸ்மார்ட் சிட்டி' என்ன ஆச்சு?

பொன்னேரி பக்கம் மனை விளம்பரம் என்றால் இந்த வார்த்தை இல்லாமல் இருக்காது. சும்மா கிளப்பிவிட்டதும் இல்லை. 2014 ஜூலையில் மத்திய பட்ஜெட்டில், சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று இடங்கள் அறிவிக்கப்பட்டன: தமிழ்நாட்டில் பொன்னேரி, ஆந்திராவில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகாவில் தும்கூரு.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது பட்டியலில் இருந்தவை கிருஷ்ணபட்டினமும் தும்கூருவும். பொன்னேரி அதில் இல்லை. 2014-ல் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து மனை வாங்கியவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

எனவே 'ஏர்போர்ட் வரப்போகுது, மெட்ரோ வரப்போகுது' என்று வருங்காலத்தை விற்கும் விளம்பரத்தில் இன்றைக்கு இருக்கும் ரோடு, இன்றைக்கு இருக்கும் ஸ்டேஷன், இன்றைக்கு இருக்கும் ஸ்கூல் ஆகியவற்றுக்கு மட்டும் விலை போடுங்கள். மீதி வந்தால் லாபம்.

'ரிஜிஸ்டர் ஆகும் சார், அப்புறம் என்ன?'

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

ஒரு காலத்தில் வயலை வாங்கி, கல் நட்டு, ரோடு மாதிரி ஒரு கோடு போட்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று போர்டு வைத்து மனை விற்றார்கள். சென்னையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நடந்தது, வடக்கிலும் நடந்தது. லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அந்தந்த இடத்தைப் பொறுத்து சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம்தான் தர வேண்டும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. பதிவானதால் எல்லாம் சரி என்று மக்கள் நம்பினார்கள்.

2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. தொடர்ந்து பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20-ம் தேதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விளைநிலத்தை அனுமதி இல்லாமல் மனையாக்கி விற்றால் பதிவு செய்யக் கூடாது என்பது அதன் சாரம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த மனை ஏற்கெனவே ஒருமுறை மனையாகப் பதிவாகியிருந்தால், மறுபடியும் விற்கும்போது பதிவு செய்யலாம். பழைய மனை வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. இன்றைக்கு 'ரீசேல் மனை, தாராளமாக ரிஜிஸ்டர் ஆகும்' என்று விற்கப்படுவதில் ஒரு பகுதி இந்தச் சலுகையின் கீழ் வருகிறது.

ரிஜிஸ்டர் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அங்கீகாரம் இல்லாத, வரன்முறையும் செய்யாத மனையில் வீடு கட்டத் திட்ட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாவிட்டால் வங்கியில் வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறை இருக்கிறதே - 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி - அந்த வசதியும் உதவாது. கையில் பத்திரம் இருக்கும், கடைசியில் வீட்டைக் கட்ட முடியாது.

வரன்முறைத் திட்டம் 2017 மே மாதம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனையான மனைகளுக்கு மட்டுமே அது. கடைசித் தேதி பலமுறை நீட்டிக்கப்பட்டது. எனவே 'வாங்கிட்டு வரன்முறை பண்ணிக்கலாம்' என்று விற்பவர் சொன்னால், 'நீங்களே பண்ணிட்டு ஆர்டரைக் காட்டுங்க, அப்புறம் அட்வான்ஸ் தர்றேன்' என்பதுதான் பதில். இதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

அப்ரூவல் போர்டு வைத்திருந்தால் போதுமா?

போதாது. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். அந்த வரைபடத்தில் இருக்கும் சர்வே எண்ணும் மனை எண்ணும், உங்களுக்கு விற்கும் பத்திரத்தில் இருக்கும் எண்களும் ஒன்றா என்று பாருங்கள். முதல் பகுதிக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிவிட்டு, அதே போர்டை வைத்துப் பின்னாலிருக்கும் வயலையும் சேர்த்து விற்கும் வேலை நடப்பதுண்டு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா பதிவும் கட்டாயம். விளம்பரத்திலேயே ரெரா எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் திட்டத்தின் விவரங்கள் வரும், செல்போனிலேயே பார்க்கலாம். அப்ரூவ்டு லேஅவுட்டில் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பூங்கா இடத்தையே பிறகு மனையாக வெட்டி விற்றிருக்கிறார்களா என்று வரைபடத்தோடு நேரில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

அந்த நிலம் போன வருஷம் என்னவாக இருந்தது?

விளைநிலப் பகுதியில் மனை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நகரத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. இங்கே தலைகீழ்.

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் பார்க்கலாம். எல்லோரும் பட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அ-பதிவேட்டைப் பாருங்கள். அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று அதில்தான் இருக்கும். நஞ்சையை மனையாக்க வேளாண் துறையின் கருத்தும் தேவை, அதனால் அந்தக் காகிதமும் இருக்க வேண்டும்.

புலப்படத்தில் பக்கத்து சர்வே எண்களையும் கவனியுங்கள். வாய்க்கால் ஓடுகிறதா? ஏரி உள்வாய் இருக்கிறதா? மண் கொட்டி மூடிய வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அளவைத் துறையின் வரைபடத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐப்பசியில் தண்ணீரும் அந்த வரைபடத்தின்படிதான் வரும்.

இந்தப் பகுதியில் இன்னும் ஒன்று. எண்ணூர் துறைமுகத்தில் இருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகும் சுமார் 133 கி.மீ. சென்னை எல்லைச் சாலைத் திட்டத்தின் முதல் பகுதியே இந்த வட்டாரத்தில்தான் வருகிறது. ரோடு பக்கத்தில் வந்தால் நல்லது. ரோடு உங்கள் மனை மேலேயே வந்தால்? சர்வே எண் நிலமெடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தையும் பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?

வயல் என்பது பெரும்பாலும் ஒருவர் தனியாகச் சம்பாதித்தது இல்லை. தாத்தா, அப்பா வழியில் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டு விற்றுவிடுவார்கள். கல்யாணம் ஆகிப் போன அக்காவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த அக்காவின் மகன் வக்கீலோடு வந்து நிற்பார்.

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989-லேயே வந்துவிட்டது. அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அப்போது அந்த உரிமை இல்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தந்தை 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் மட்டும் இது தொடாது. எனவே மூலப்பத்திரத்தோடு வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும், பெண் பெயர்கள் உட்பட, விற்பனைப் பத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ இருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் வில்லங்கத்தில் வருவது பதிவான விஷயங்கள் மட்டும். பதிவாகாத அக்ரிமென்ட், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எல்லாம் அதில் தெரிய வேண்டிய அவசியமில்லை. 'நில் வில்லங்கம்' என்று வந்துவிட்டால் சுத்தமான சொத்து என்று அர்த்தமில்லை. பொது அதிகாரம் பெற்ற ஏஜென்ட் விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

தண்ணீர்: பத்திரத்தில் எழுதாத வில்லங்கம்

இதுவரை சொன்னது தமிழ்நாட்டில் எங்கே மனை வாங்கினாலும் பொருந்தும். இனிமேல் சொல்லப்போவது மீஞ்சூருக்கே உரியது.

நிலத்தடி நீர் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு மீஞ்சூர் பாடத்தில் வரும் பெயர். கடல் நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே வருவதற்கு இந்தியாவில் அதிகம் ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று இது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு - கொசஸ்தலையாறு படுகையில் ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று பெரிய அளவில் தண்ணீர் எடுக்கும் கிணற்றுத் தொகுதிகளைக் கண்டுபிடித்தார்கள். சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் மோட்டார் போட்டார்கள்.

கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நல்ல தண்ணீர் மட்டம் உயரமாக இருக்கும்வரை அது கடலை வெளியே தள்ளி வைத்திருக்கும். உறிஞ்ச உறிஞ்ச அந்த அழுத்தம் குறைகிறது, கடல் உள்ளே நகர்கிறது. 1969 வாக்கில் கரையில் இருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் இருந்த உப்பு, 1980-களின் தொடக்கத்தில் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டதாக ஆய்வுகள் பதிவு செய்தன. அதன் பிறகும் முன்னேறியது. உள்ளே வந்த உப்பு, ஒரு நல்ல மழையோடு திரும்பிப் போய்விடாது. நிலைமை மோசமானதால்தான் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987-ல் தனியாக நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2010-ல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மக்கள் வைத்த பெயர் 'மீஞ்சூர் பிளான்ட்'. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தித் திறன். அந்தத் தண்ணீர் வடசென்னைக்குப் போகிறது. திருவொற்றியூரில் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்த குடும்பம், மீஞ்சூரில் மனை வாங்கி போர் போட்டு, வாயில் வைத்தால் கரிக்கிறதே என்று கேன் வாங்கும் நிலைமை வரலாம்.

எல்லா இடத்திலும் உப்பு என்று சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த தெருவில்கூட மாறும். ஆழத்தைப் பொறுத்தும் மாறும், ஏனென்றால் இங்கே நீர்த்தாங்கும் அடுக்குகளுக்கு நடுவே களிமண் இருக்கிறது. அதனால் புரோக்கர் கொண்டுவந்து நீட்டும் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து முடிவு செய்யக் கூடாது. நீங்களே சித்திரை, வைகாசியில் போங்கள். பக்கத்து வீட்டு போரில் பிடித்த தண்ணீரைச் சோதனை செய்யுங்கள். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. அதற்கு மேல் காட்டினால் குடிக்க மட்டுமில்லை, வீடு கட்டவும் யோசிக்க வேண்டும்.

ஆமாம், கட்டவும்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர விதி. உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், சில வருடத்தில் சீலிங் பெயர்ந்து விழும். எனவே தண்ணீர் கரிக்கும் இடமாக இருந்தால், கட்டுமானத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கும் செலவையும் மேஸ்திரி சொல்லும் எஸ்டிமேட்டில் முதலிலேயே சேர்க்க வேண்டும். மேஸ்திரி அதைச் சொல்ல மாட்டார்.

உள்ளாட்சிக் குடிநீர் இணைப்பு அந்த லேஅவுட் வரை வந்திருக்கிறதா, வந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 'பைப் லைன் போட்டாச்சு' என்ற பதில் போதாது. குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் போய்ப் பார்த்தீர்களா?

கோடையில் ஒருமுறை என்றால் கார்த்திகையில் ஒருமுறை. கொசஸ்தலையாறு பூண்டி ஏரி வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிறது. பூண்டியில் திறந்தால் கீழே இருப்பவர்களுக்கு வெள்ளம். 2015-லும் 2021 நவம்பரிலும் மணலி புதுநகர் பக்கம் என்ன ஆனது என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொன்னேரியை ஒட்டி ஓடுவது ஆரணியாறு. அதன் தண்ணீர் ஆந்திராவில் உள்ள பிச்சாட்டூர் அணையில் இருந்து வருகிறது. இங்கே வெயில் அடித்தாலும் அங்கே திறந்தால் இங்கே ஆறு ஏறும்.

மனையில் கிராவல் அடித்து இரண்டடி உயர்த்தியிருப்பார்கள், பார்க்க நன்றாக இருக்கும். மனை உயர்ந்திருக்கிறதா என்பதை விட, மெயின் ரோட்டில் இருந்து மனைக்கு வரும் பாதை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராமல், வீட்டில் இருந்து வெளியேயும் போக முடியாமல் நான்கு நாள் உட்கார்ந்திருப்பதும் வெள்ளம்தான்.

வேலைக்குப் போக வர எவ்வளவு நேரம்?

சென்ட்ரலில் இருந்து பொன்னேரி சுமார் 35 கி.மீ. மேப்பில் பார்த்தால் சும்மா ஒரு ஓட்டம். ஆனால் அத்திப்பட்டுக்கு வடக்கே மின்சார ரயிலும் எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டு வந்திருக்கின்றன. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மின்சார ரயில் நிற்பது இந்த மார்க்கத்தில் பழகிப்போன விஷயம், தாமதத்தைக் கண்டித்துப் பயணிகள் மறியல் செய்ததும் உண்டு. பஸ், பைக் என்றால் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் போக வேண்டும். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்கப் போய்விட்டு நேரம் கணக்குப் போடக் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வாரநாளில், தன் ஷிப்ட் நேரத்துக்கு, பொன்னேரியில் ஏறி வேலை இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம்.

பணக் கணக்கு எப்படி?

முதலில் அளவு. கிராமப் பக்கம் விலை சென்டில் சொல்வார்கள், சென்னையில் கிரவுண்டில். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் ஏறக்குறைய ஒரு கிரவுண்ட். 'சென்ட் இவ்வளவுதான் சார்' என்று சொல்லும்போது மலிவாகத் தெரியும், சதுர அடிக்கு மாற்றிப் பார்த்தால்தான் நிஜம்.

பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 பட்ஜெட்டில் வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனுக்கு முந்தைய அளவுக்குக் கொண்டுபோனபோது பதிவுக் கட்டணத்தை 4-ல் இருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள். உதாரணத்துக்கு 18 லட்சம் ரூபாய் மனை என்றால் 9 சதவீதம், அதாவது 1 லட்சத்து 62 ஆயிரம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குபவர்களுக்கு இது நேரடியாக உதவும்.

'வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மீதியைக் கையில் கொடுத்துடுங்க' என்று சொல்வார்கள். விலை 18 லட்சம், வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் என்று வையுங்கள். தீர்வையில் 72 ஆயிரம் மிச்சம். ஆனால் நாளைக்கு வழக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வந்தால், நீங்கள் கொடுத்ததாகக் காகிதத்தில் இருப்பது 10 லட்சம்தான். 8 லட்சம் காற்றோடு போய்விடும். 72 ஆயிரத்துக்காக 8 லட்சத்தைப் பணயம் வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

வங்கிக் கடனில், 30 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆக, மீதி 10 சதவீதமும் பத்திரச் செலவும் கையில் இருக்க வேண்டும். வெறும் மனைக்குக் கொடுக்கும் கடன் வேறு, வட்டியும் விதியும் வங்கிக்கு வங்கி மாறும். சொந்தமாகக் கல் வீடு எங்குமே இல்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 2024-ல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் இருக்கிறது. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீதம், மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை ஐந்து தவணையில் வரும். வீட்டுக்குத்தான் இது, காலி மனைக்கு இல்லை.

கடன் தேவையே இல்லை, கையில் பணம் இருக்கிறது என்பவர்களும் ஒரு வேலை செய்யலாம். காகிதங்களை வங்கியில் கொடுத்துக் கடன் கிடைக்குமா என்று கேட்கலாம். வங்கியின் வக்கீல் 'முடியாது' என்று சொன்னால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வளவு மலிவாக வேறு சட்ட ஆலோசனை கிடைக்காது.

பத்திரம் முடிந்ததும் வேலை முடிந்ததா?

பத்திரம் கையில் வந்த சந்தோஷத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பட்டா இன்னும் பழைய விவசாயியின் பெயரிலேயே இருக்கும். லேஅவுட் மனை என்றால் பெரிய சர்வே எண்ணில் இருந்து உங்கள் பங்கைப் பிரிக்க வேண்டும், அதாவது உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல். நில அளவையர் வந்து அளந்து, உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு எண் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் கூட்டுப் பட்டாவில் இருபது பேரில் ஒருவராக இருப்பீர்கள், இல்லையென்றால் பட்டாவில் உங்கள் பெயரே இருக்காது.

அளக்க வரும் நாளில் நேரில் நில்லுங்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, கல் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே கட்டப்போவதில்லை என்றால் வேலியாவது போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, கல் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.